கட்டக்கூடாத கயிறு

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் தண்ணீர் என்றால் குடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கிணற்றின் அடியில் இருக்கும். அந்த ஊரிலிருந்து ஒருவன் பாய்மரப் படகு ஓட்டக் கிளம்பினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எண்பதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அங்கே மாணவர்களுக்குக் கடற்பயிற்சி தந்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் பத்துப் பேர் ஒரே படகில் மணப்பாடு வரை பாய் விரித்துப் போய்த் திரும்ப வேண்டும். நாலு நாள் பயணம். பத்தாவது ஆளாகப் பெயரைக் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்க ஊருக்கு வந்தேன்.

வீட்டோடு இரண்டு விசைத்தறி எங்களுக்கு. ஓடுகிற தறியை நிறுத்தாமலே அப்பா தாளைப் படித்தார்.

"தண்ணியில்லாத ஊர்ல பொறந்த பயலுக்குக் கடல்ல என்னல ஜோலி?"

"படிக்கத்தாம்பா போறேன்."

"போ. ஆனா பாதியில திரும்பி வந்தியோ, நேரா தறியில வந்து நில்லு. அப்புறம் காலேஜு கீலேஜுன்னு பேசப்பிடாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். வீம்பில் நானும் அவருக்குச் சளைத்தவன் இல்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

எங்களைக் கூட்டிப்போனவர் பல வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். நாங்கள் சார் என்போம். சுக்கானை அவர் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாய்க்கயிறு வந்தது. பாயின் கீழ்முனையில் இருக்கும் கயிறு அது. இழுத்துப் பிடித்தால் பாய் காற்றை வாங்கும், தளர்த்தினால் காற்றைக் கொட்டிவிடும். "எப்பவும் கையிலயே இருக்கணும். எங்கயும் கட்டக்கூடாது" என்று கரையிலேயே நாலு தடவை சொன்னார். நானும் நாலு தடவை தலையாட்டினேன்.

தலை ஆடியதே தவிர, கைக்கு அது போய்ச் சேரவில்லை. தறிக்காரன் வீட்டுப் பிள்ளையின் கை அது. இழை அறுந்தால் நொடியில் முடிச்சுப் போட்டே பழகியது. முதல் நாள் மதியம் உள்ளங்கை எரிந்தது. எல்லாரும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் கயிற்றை உட்காரும் பலகையில் இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கள் தறி முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. இவ்வளவு எளிய விஷயம் இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

திருச்செந்தூர்க் கரையைப் பார்த்துப் படகைத் திருப்பினார் சார். வாடைக்காற்று சட்டென்று பக்கவாட்டில் வந்து மோதியது. படகு ஒருக்களித்துச் சாய்ந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே கொட்டியது.

"கயித்த விடுல!" என்று கத்தினான் பக்கத்தில் இருந்த கூட்டாளி. அவன் தூத்துக்குடிக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன்.

விட முடிந்தால்தானே! நகம் பிய்ந்ததுதான் மிச்சம். சார் தாவி வந்து கத்தியால் ஒரே வெட்டு வெட்டினார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு மெல்ல நிமிர்ந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் என் புளிச்சோறு மிதந்தது.

கரையேறிய பிறகு சார் சத்தம் போடவில்லை. "நாளைக் காலையில இங்கேருந்தே பஸ் ஏறிரு. இத்தன உயிரு உன் கையில இருந்துச்சு" என்றார். அறுந்த கயிற்றின் இரண்டு துண்டுகளையும் என் முன்னால் போட்டார். "கட்டத்தான தெரியும்? இதக் கட்டு."

கட்டினேன். காலால் மிதித்து இழுத்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. கயிற்றைச் சுருட்டிப் படகில் போட்டுவிட்டுப் போனார்.

திருச்செந்தூரில் பஸ் ஏறினால் திருநெல்வேலி, அங்கிருந்து சங்கரன்கோவில், அப்புறம் ஆயுசுக்கும் தறி. அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் என்னைக் குடைந்தது. அழுகை வந்தது. அதைவிட அதிகமாக என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் போய், படகில் என் இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்கு" என்றார் சார்.

"இறங்க மாட்டேன் சார்."

"நேத்துச் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். இனி கட்டினேன்னா கயித்த அறுக்காதீங்க, என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுருங்க."

"இருக்கட்டும் சார். நான் பக்கத்துலயே உக்காருதேன்" என்றான் கூட்டாளி.

சார் படகில் ஏறினார். "சோத்துக்கும் கையெடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சுக்கானில் போய் உட்கார்ந்தார்.

எடுக்கவில்லை. இட்லியைக் கூட்டாளிதான் பிய்த்து வாயில் வைத்தான். "அம்மாவுக்கு ஒரு வாய்" என்று கேலி வேறு. மணப்பாட்டிலிருந்து திரும்பும்போது வாடை எதிர்த்து அடித்தது. அப்படியும் இப்படியுமாக வளைந்து வளைந்துதான் படகு முன்னேறியது. கை கொப்பளித்தது, கொப்புளம் உடைந்தது, உப்புத்தண்ணீர் பட்டு உயிர் போனது. வலிக்க வலிக்கப் பிடித்தேன். கடைசி நாள் ஒரு பெருங்காற்று வந்தது. கயிறு கனப்பதிலேயே அது தெரிந்துவிட, உடனே தளர்த்தினேன். கத்துவதற்கு வாயைத் திறந்த சார் அப்படியே மூடிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊருக்கு வந்து அப்பா முன்னால் நின்றேன். என் கையைப் பார்த்தவர் தறியை நிறுத்தினார். வீடே திடீரென்று அமைதியாகிவிட்டது.

"என்னல இது, தோலே இல்ல?"

"மூணு நாளு கயித்த விடாமப் பிடிச்சிருந்தேம்பா. முழுசாப் போயிட்டு வந்துட்டேன்."

தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து உள்ளங்கையில் தடவினார். தடவிக்கொண்டே திட்டினார்.

"கூறுகெட்ட பயலே, அத எங்கனயாவது ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிட்டு உக்காந்தா என்னல?"