பழைய வண்டியின் தண்ணீர் டின்

பானெட்டைத் திறந்துபோட்டு ஒரு டிரைவர் ரோட்டோரம் நின்று கை காட்டினால், எதிரே வருகிறவன் நிறுத்தியாக வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன சண்டை என்றெல்லாம் பார்க்கக் கூடாது. திண்டுக்கல் லைனில் இதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் கடைப்பிடித்தோம். ஐம்பதுகளின் கடைசியில், ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் ஒரு காலையில், நான் நிறுத்தாமல் போனேன். கறியையும் பீடியையும் விட்டு நாற்பது நாள் ஒறுத்தல் செய்துகொண்டிருந்த ஆள் நான்! இன்றைக்கு ஸ்டியரிங் பிடிக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

1. புது வண்டி

எங்கள் முதலாளிக்கு நாலு பஸ். எனக்கு அங்கே எட்டு வருஷ சர்வீஸ். இன்னொரு டிரைவர் முத்துசாமி தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான். கம்பெனிக்குப் புது பஸ் வருகிறது என்றதும், அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டேன். முதலாளி சாவியை முத்துசாமி கையில் கொடுத்தார். மனசு கேட்கவில்லை, காரணம் கேட்டேன்.

“வண்டி சூடாகுறதுக்கு முந்தி நீ சூடாயிருற அருளப்பா. வெத்தலைக் கூடைக்காரரை நடுரோட்டுல எறக்கிவிட்டியே, மறந்துபோச்சா? புது வண்டிக்கு நிதானமான ஆளு வேணும்ப்பா.”

அவர் சொன்னது நிஜம். நிஜமாக இருந்ததால்தான் வயிறு கூடுதலாக எரிந்தது. முத்துசாமி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தார். எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணா, நீங்க ஒருக்கா ஓட்டிப் பாருங்க.”

“எனக்கு என் வண்டியே போதும்” என்றேன்.

என் வண்டியோ மேட்டைக் கண்டாலே கொதிக்கும். அதற்காகவே சீட்டுக்கு அடியில் எப்போதும் இரண்டு டின் தண்ணீர் வைத்திருப்பேன்.

2. முதுகில் அடித்த வெயில்

நிலக்கோட்டையில் மல்லிகைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு காலையில் புது பஸ் திண்டுக்கல்லுக்கு வரும். அதே நேரத்தில் நான் இங்கிருந்து நிலக்கோட்டைக்குப் போவேன். அன்று பாதி வழியில் அந்தப் பஸ் நின்றுகிடந்தது. ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்துவிட்டது. முத்துசாமி ரப்பரைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. அவருடைய கண்டக்டர் கிணறு தேடிக் காட்டுக்குள் போயிருந்தார். என் கண்டக்டர் பின்னால் கூட்டத்துக்குள் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்.

முத்துசாமி ரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் தூக்கினார். என் கண்ணும் அவர் கண்ணும் பார்த்துக்கொண்டன. ‘புது வண்டிக்காரனுக்கு நிதானம் இருக்குல்ல, நிதானமா வரட்டும்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கியரை மாற்றினேன். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் ஒதுங்கிப் போன குருவின் பைபிள் கதையைச் சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் கேட்டு, அந்தக் குருவைத் திட்டியவன் நான்.

பூவெல்லாம் கருகிப்போய்ச் சேர்ந்தது. இனிமேல் உங்கள் பஸ்ஸில் கூடை ஏற்றமாட்டோம் என்று வியாபாரிகள் ஷெட்டுக்கே வந்து கத்தினார்கள். அருளப்பன் அண்ணன் பார்த்துவிட்டும் நிற்கவில்லை என்று முத்துசாமி சொல்லிவிட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“நெசமாப்பா?”

“நான் பாக்கலை முதலாளி. எதிர்வெயிலு, கண்ணக் கூசிருச்சு.”

முத்துசாமி என்னையே பார்த்தார். அப்புறம் வாயே திறக்கவில்லை.

“வண்டியையும் கவனிக்கல, பழியை வேற அடுத்தவன் மேல போடுறியா? வீட்டுக்குப் போ” என்று முதலாளி அவரை அனுப்பிவிட்டார். சனிக்கிழமை புது வண்டிச் சாவி என் கைக்கு வந்தது. ஆசைப்பட்டது கிடைத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. சாமியார் நிறுத்திய கை

அவரவர் சாமியைக் கும்பிட்டு வண்டி எடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ்ஸை மாதா கோயில் முன்னால் நிறுத்தினேன். பங்குச் சாமியார் மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கினார். தண்ணீரைப் பார்த்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

“சாமி, வேணாம். இந்த வண்டிய நான் பொய் சொல்லி வாங்கியிருக்கேன்” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கையை இறக்கினார். “தீர்த்தம் கெட்டுப்போகாது. நீ போயி அந்த மனுசனப் பாத்துட்டு வா. எங்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேக்குறது அதுக்கப்புறம்.”

முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவியை வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“நீயே போயி அவனக் கூட்டிட்டு வா. அவன் வரலைன்னா நீயும் இந்தப் பக்கம் வராத.”

பழனி போய் அங்கிருந்து தொப்பம்பட்டிக்குப் போனேன். வழியெல்லாம் வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. முத்துசாமி தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணா” என்றார். நான் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஏனுங்கண்ணா, அன்னைக்கு உங்க வண்டியில தண்ணி இருந்துச்சுங்களா?”

“ரெண்டு டின்னு நெறைய இருந்துச்சு.”

அவர் ஒரு வெட்டு மண்ணை இழுத்துப் பாத்தியில் போட்டார். “காலைல நெலக்கோட்டைக்குப் போறவருக்கு வெயிலு முதுகுலதானுங்க அடிக்கும். அன்னைக்கே நெனச்சேன்.”

“அப்ப அந்த வெயிலுக் கணக்க ஏன் முதலாளிகிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்குமுங்க. உங்களுக்கு நாலு கொழந்தைங்க. எனக்காச்சும் இந்தத் தோட்டம் இருக்குது.”

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, வேலையைத் தொடர்ந்தார். பாத்தியை முடித்துவிட்டுத்தான் என்னோடு கிளம்பச் சட்டையை எடுத்தார்.

4. பிறகு

முத்துசாமிக்குப் புது வண்டி, எனக்குப் பழைய வண்டி. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கொடுத்த அபராதம் சின்னதுதான்: தினமும் வண்டி எடுக்குமுன் முத்துசாமிக்காக மாதாவிடம் ஒரு ‘அருள் நிறைந்த’ மந்திரம். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னேன். மாதாவுக்கே அது கேட்டிருக்குமோ என்னவோ! ஒரு நாள், அவர் மகனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று நானாகவே விசாரித்தேன். அன்றுதான் மந்திரம் வேலை செய்கிறது என்று தெரிந்தது. கோபம் இன்றும் எனக்கு வரும். வந்தால், யார்மேல் வந்ததோ அவர் பெயரைச் சொல்லி முதலில் ஜெபிப்பேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அடுத்த கோடையில் என் வண்டி மேட்டில் கொதித்து நின்றது. என் இரண்டு டின்னும் காலி. எதிரே புது பஸ் வந்தது. நான் கை காட்ட வெட்கப்பட்டு நின்றேன். முத்துசாமி அவராகவே நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்தார்.

“உங்க வண்டிதான் கொதிக்கிறதில்லையே, எதுக்குத் தண்ணி?” என்று கேட்டேன்.

“உங்க வண்டி கொதிக்குமுங்களே” என்று சொல்லி, ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தார்.