பெருங்களத்தூர் ஸ்டாண்ட், டோக்கன் நம்பர் 114

தேவசகாயம் சார் போயிட்டார்.

நேத்து காலையில பழைய ஸ்டோர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வந்தது. எல்லாரும் கைகூப்பினாங்க. ஒருத்தர் மட்டும் பழக்க தோஷத்துல கட்டைவிரலைத் தூக்கிட்டார்...

மறைமலைநகர் கம்பெனியில பதினோரு வருஷம் எனக்கு ஸ்டோர்ஸ் ஆபீசர். நட்டு போல்ட்டு எண்ணினது சம்பளத்துக்கு. மனசு முழுக்க டோக்கன்லயும் நினைவு மெடல்லயும்தான்.

எஸ்டேட் கூலி டோக்கன், மில் கேன்டீன் டோக்கன், ஏதோ ஒரு முனிசிபாலிட்டி நாய்க்குக் குடுத்த லைசென்ஸ் வில்லை. நாய் லைசென்ஸ் மட்டும் முப்பதுக்கு மேல இருக்கும். தெருவுல நாயைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போற மனுஷன்!

ஒரு தடவை தாம்பரத்துல ஒரு ஸ்கூல் நூற்றாண்டு விழாவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனார். பழைய மாணவர்களுக்கு மெடல் தர்றாங்களாம். அந்த ஸ்கூல்ல அவர் மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல.

"நீங்க எந்த பேட்ச் சார்?"னு ஒருத்தர் கேட்டார்.

"உங்களுக்கு ரொம்ப சீனியர்ப்பா"ன்னு சொல்லிட்டு குரூப் போட்டோவுல முதல் வரிசையில உட்கார்ந்துட்டார். மெடலும் வாங்கிட்டார். ஸ்கூல் பாட்டு வந்தப்போ கண்ணைத் துடைச்சுக்கிட்டார் பாருங்க... அங்கதான் நான் வெளிய ஓடினேன்.

சனிக்கிழமை ஆனா சேலையூர்ல அவர் வீட்டுல ஆல்பம் பார்க்கணும். அம்மா (அவரோட மிஸஸ்) காபி குடுப்பாங்க. "கையைத் துடைச்சுட்டுத் தொடுப்பா"ன்னு சார் நாலு தடவை சொல்வார்.

அப்புறம்தான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன்.

பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கத்துல சைக்கிள் ஸ்டாண்ட்ல நான் தினமும் பைக் விடுவேன். ஒருநாள் ஸ்டாண்ட்காரர் பிடிச்சுக்கிட்டார். "இன்னா சார், உங்க ஆபீசர் சைக்கிள் ஆறு மாசமா துருப்புடிச்சுகினு கீது. டோக்கன் அவராண்ட மாட்டிகிச்சு. எடுத்துகினு போவச் சொல்லு சார்."

பாவம், வயசாயிடுச்சு, மறந்துட்டார்னு நினைச்சேன். சேலையூர் போனா சார் சர்ச் மீட்டிங்ல இருந்தார். அம்மா ஆல்பத்தைப் புரட்டி, "பெருங்களத்தூர்னு ஒண்ணு இருக்கு, இதுவா பாருங்க தம்பி"ன்னு உருவிக் குடுத்தாங்க. பித்தளை. 114. பத்திரமா இருக்கட்டும்னு ஆல்பத்துல சொருகிட்டு மறந்திருக்கார்னு எனக்கு ஒரே சிரிப்பு.

டோக்கனைக் குடுத்தேன். சைக்கிளை மீட்டேன். ரெண்டு டயரும் பஞ்சர், செயினே இல்ல. ஜிஎஸ்டி ரோடு வெயில்ல சேலையூர் வரைக்கும் தள்ளிட்டு வந்து வாசல்ல நிறுத்தி, "சார், உங்க சைக்கிள்!"னேன்.

சார் சைக்கிளைப் பார்க்கவே இல்ல. "டோக்கன் எங்கப்பா பிரபாகர்?"

"குடுத்துட்டேன் சார். குடுத்தாதானே சைக்கிள் தருவாங்க."

அப்படியே படியில உட்கார்ந்துட்டார்.

அவரோட முறையே அதுதானாம்! காயலான் கடையில ஓட்டை சைக்கிள் ஒண்ணு வாங்குவார், ஸ்டாண்ட்ல விடுவார், டோக்கனோட வந்துடுவார். பல்லாவரத்துல ஒண்ணு, குரோம்பேட்டையில ஒண்ணு, கூடுவாஞ்சேரியில ஒண்ணு... "திருட்டு இல்லப்பா. ஒரு வில்லைக்கு ஒரு முழு சைக்கிள் குடுத்திருக்கேன்."

மறுநாள் ரெண்டு பேரும் ஸ்டாண்டுக்கு ஓடினோம். பிரிண்ட் சீட்டு மிஷின் வந்துடுச்சு. பித்தளை மொத்தமும் காலையிலயே எடைக்குப் போயிடுச்சு. "உங்க ஒரு டோக்கனுக்குத்தான் சார் வெயிட் பண்ணிகினு இருந்தேன்"னார் ஸ்டாண்ட்காரர், சந்தோஷமா.

சார் என்னைத் திட்டல. "பரவாயில்லப்பா"ன்னார்... திட்டியிருக்கலாம்.

அதுக்கப்புறமும் சனிக்கிழமை போனேன். காபி வந்தது. ஆல்பம் வரல. "பைண்டிங்குக்குப் போயிருக்கு"ன்னார். நாலு வருஷமா பைண்டிங்!

கடைசி வரைக்கும் என் மேல கோவமா இருந்தாரான்னு தெரியாமலேயே இன்னிக்கு அடக்கத்துக்குப் போனேன். அதுதான் நெஞ்சுல உறுத்திக்கிட்டே இருந்தது.

எல்லாரும் கிளம்பினப்புறம் அம்மா கூப்பிட்டாங்க. கையில அந்த ஆல்பம். இன்ஷூரன்ஸ் பேப்பர் தேடும்போது பீரோவுல கிடைச்சுதாம். கடைசிப் பக்கத்துல ஒரு பாக்கெட் காலி. உள்ள ஒரு சீட்டு, ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டர் எழுதற அதே குண்டு எழுத்துல:

"பெருங்களத்தூர் ஸ்டாண்ட். பித்தளை. எண் 114. நிலை: இருப்பில் இல்லை. காரணம்: பிரபாகர் மற்றும் என் மனைவி. இருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை."

நான் அழுதுட்டேன். அம்மா சீட்டை வாங்கி இன்னொரு தடவை படிச்சாங்க.

"என்கிட்டயும் பைண்டிங்னுதான் தம்பி சொன்னாரு."

போயிட்டு வாங்க சார்...