போதுங்க என்றால் இன்னொரு கரண்டி

1996 ஜனவரி 31, புதன்கிழமை, அதிகாலை நாலு இருபது. சிங்காநல்லூரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவிளக்கின் கீழே நின்றவர்களின் தலைத்துண்டு மட்டுமே தெரிந்தது. காற்று இல்லை, மழைக்கு அறிகுறியும் இல்லை. பிள்ளையார் கோயில் முன்னால் எங்கள் பகுதிக்காரர்கள் தைப்பூசத்துக்காகப் பழனிக்கு நடக்கத் தயாராக நின்றார்கள். நாற்பத்தொரு பேர் என்று, கூட்டத்தை நடத்திப்போகும் குருசாமி சொன்னார். நான் இரண்டு தடவை எண்ணினேன், நாற்பத்திரண்டு. அவர் விட்டுவிட்ட ஆள் என் மனைவி சரஸ்வதி. பச்சைப் புடவையில், செருப்பில்லாமல், கோயில் சுவரோரமாகக் குனிந்து கட்டைவிரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

எண்ணிக்கையில் விட்டுப்போனதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடமும் அவள் நடந்தாள். மூன்று நாள் நன்றாக நடந்தவள், நாலாம் நாள் மடத்துக்குளத்தில் அமராவதிப் பாலத்தின் மேல் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அவளைப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பழனி அங்கிருந்து பதினேழு கிலோமீட்டர். மகளுக்குக் குழந்தை பிறந்தால் நடந்து வருவதாக அவள் வேண்டிக்கொண்டது. பேத்திக்கு இப்போது இரண்டு வயது. வேண்டுதல் அப்படியே நிற்கிறது. அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. காபி டம்ளரை மேசையில் வைக்கும் சத்தத்தைத்தான் பேச்சென்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எனக்கு வலது முழங்கால் சரியில்லை. ஆகவே மொபெட்டில் முன்னே போய், சொன்ன இடத்தில் நின்று, அவள் வந்ததும் சாப்பாடு கொடுப்பது என்று ஏற்பாடு. பஞ்சாலையில் நூலின் எடையைச் சோதிக்கும் அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். எடை போடாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. டிசம்பரிலேயே ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாளைப் பார்த்து விவரம் கேட்டேன்.

"அவங்களுக்குத் தெம்பு இல்லாம இல்லீங்க சார். நாலு நாளும் வெறும் சோறும் சர்க்கரைத் தண்ணியுமா இருந்திருக்காங்க. தேஞ்ச தசையை உடம்பு எதை வெச்சுச் சரி பண்ணும்?" என்றார் அவர்.

சரஸ்வதியின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. இப்படி நடக்கும் நாட்களில் அவளுக்கு அறுபத்தைந்து கிராம் புரதம் வேண்டும். ராத்திரி ஒரே வேளையில் அடைத்தால் பயனில்லை; ஐந்து வேளையாகப் பிரித்து, வேளைக்குப் பதின்மூன்று கிராம். விரதத்தில் முட்டை கிடையாது. அதனால் விடியுமுன் ஒரு டம்ளர் பாலும் ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும். ஒன்பது மணிக்குக் கொள்ளு, பச்சையாக நிறுத்தால் ஐம்பது கிராம், கடைந்தது. மதியம் அதே அளவு பச்சைப்பயறுச் சுண்டல். மாலையில் பொட்டுக்கடலையும் கெட்டி மோரும். ராத்திரி இட்லியும் பருப்பும் தயிரும். சோற்றை நிறுத்தக் கூடாது, நடக்கிற சக்தி அதில்தான் இருக்கிறது என்றும், உப்புப் போட்ட மோர் அடிக்கடி குடிக்க வேண்டும் என்றும் அந்த அம்மாள் சொல்லியிருந்தார். நாலு நாளுக்கும் சேர்த்து முப்பத்தெட்டு ரூபாய் ஐம்பது காசில் சாமான் வாங்கி, தனித்தனி டப்பாவில் நிறுத்துப் போட்டேன்.

குருசாமிக்குக் கோவை கணபதிப் பகுதியில் லேத் பட்டறை. மொபெட்டில் தொங்கிய டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கய்யா, குதிரைக்குக் கட்டற மாதிரி அம்மாவுக்குக் கொள்ளு கட்டீட்டீங்க. அப்பறம் அம்மா ஓடுனா எங்களால புடிக்க முடியாதுங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சரஸ்வதி சிரிக்கவில்லை.

முதல் நாள் கிணத்துக்கடவு வரை இருபத்தாறு கிலோமீட்டர். என் திட்டம் முதல் ஆறு கிலோமீட்டரிலேயே கெட்டது. பழனிக்கு நடந்து போகாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சாலையில் தைப்பூச வாரத்தில் யாரும் பசியோடு நடக்க முடியாது. மைலுக்கு ஒரு பந்தல். தக்காளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல். மில்காரர், தோட்டக்காரர், லாரிக்காரர் என்று யார் யாரோ கைகூப்பிச் சாலையை மறித்து நிற்கிறார்கள். "சாமி, ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க சாமி." மறுத்தால் அவர்கள் முகம் வாடிப்போகிறது.

சரஸ்வதி மறுக்கிறவள் இல்லை. அதோடு "போதுங்க" என்று அவள் சொல்லும் விதம் இருக்கிறதே, அதுவே பெரிய சிக்கல். எங்கள் பக்கத்தில் முதல் "போதுங்க"வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. கேட்டவர் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும். இரண்டாவதுக்கு அரைக் கரண்டி. மூன்றாவது தடவை இலையை மடித்துக்கொண்டு சொன்னால்தான் நம்புவார்கள். அவள் இரண்டோடு நிறுத்திவிடுகிறவள். ஒன்பது மணிக்குள் நாலு பந்தலில் சாப்பிட்டிருந்தாள். நான் நீட்டிய கொள்ளு டப்பாவைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வயித்துல எடமில்லீங்க."

"அதெல்லாம் வெறும் சோறு. இதிலேதான் பதிமூணு கிராம் இருக்கு."

"அளந்து வெக்க நானென்ன மாடுங்களா? சோத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கும்புடறாங்க. வேண்டாமுன்னு சொல்ற நாக்கு எனக்கில்லீங்க."

அன்று ஐந்து பங்கில் மூன்று அப்படியே திரும்பியது. இரண்டை நான் சாப்பிட்டேன், ஒன்று புளித்துப்போனது.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை, பொள்ளாச்சி வரை இருபது கிலோமீட்டர். பந்தல்களுக்கு நடுவே காலியான இடமாகப் பார்த்து நிற்பது என்று முடிவு செய்தேன். கோவில்பாளையம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் மொபெட்டை நிறுத்தினேன். வெயில் ஏறுமுன் மதியப் பங்கையும் மாலைப் பங்கையும் சேர்த்து ஒரே டப்பாவில் சுண்டலாக வைத்திருந்தேன். ஆறிவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான்.

"சாமி, சுண்டலுங்களா?"

காவி வேட்டி கட்டிய ஒருவர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து நடந்து வருகிறாராம். இது என் மனைவிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்; வரவில்லை. ஒரு கரண்டி வைத்தேன். அவருக்குப் பின்னால் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கையேந்தி நிற்பவர்களிடம் இது அன்னதானப் பந்தல் இல்லை என்று எப்படிச் சொல்வது? டப்பா காலியான பிறகு, பத்து நிமிடம் கழித்துச் சரஸ்வதி வந்தாள். டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"எம்பங்கு எங்கீங்க?"

"குடுத்துட்டேன்."

"வேண்டாமுன்னு சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே?"

அவள் நான்கைந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். வாயைப் புடவையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். குருசாமியைக் கூப்பிட்டும் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தச் சிரிப்பு மாலை வரை நிற்கவில்லை. பொள்ளாச்சியில் நாங்கள் தங்கிய கல்யாண மண்டபத்துக்கு ஆறரை மணிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இடது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உப்பு மோர் கொடுத்தேன், கால் நீவிவிட்டேன். தொட்டால் கல் மாதிரி இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்:

"இந்த வருசமும் பஸ்ஸுல ஏத்தீருவீங்களா?"

"இல்லை" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் அறுபத்துநாலு கிலோமீட்டர் இருந்தது. டப்பாவில் கொடுத்தால் அவள் தொடமாட்டாள். பந்தலில் கொடுத்தால் தட்டமாட்டாள். இதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான் வழி தெரிந்தது.

பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. காலையில் பொள்ளாச்சி மளிகைக் கடையில் பச்சைப்பயறு பத்து கிலோ, கிலோ இருபத்திரண்டு ரூபாய். கொள்ளு பாதி விலைதான். ஆனால் ராத்திரியே ஊறவைக்காமல் வேகாது. பயறு முக்கால் மணியில் வெந்துவிடும். தேங்காய் ஆறு, தொன்னை இருநூறு. கோமங்கலத்தில் சாலையோரம் டீக்கடை வைத்திருந்த பாப்பாத்தியம்மாளிடம் அண்டாவும் அடுப்பும் வாடகைக்குக் கேட்டேன்.

"எத்தனை பேருக்குங்க?"

"ஒருத்தருக்குங்க. ஆனா இருநூறு பேருக்குச் செய்யணும்."

விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊட்டுக்காரம்மாவுக்கு ஒரு கரண்டி ஊட்டறதுக்கு ஊரையே கூட்டறீங்களா? நல்ல ஆளுங்க நீங்க!" என்று சொல்லிவிட்டு, தேங்காயைத் துருவக் கூடவே உட்கார்ந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு எங்கள் கூட்டம் வந்தது. சரஸ்வதி பின்னால், காலைச் சற்று இழுத்து வைத்து வந்தாள். நான் தொன்னையோடு சாலைக்குப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"சாமி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் நான் அவளை "ங்க" போட்டுக் கூப்பிட்டதில்லை. என்னைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே முழுவதும் சாப்பிட்டாள்.

"போதுங்க."

இன்னொரு கரண்டி வைத்தேன்.

"ஏனுங்க, போதுமுன்னு சொன்னேனுங்களே?"

"முதல் 'போதுங்க'வை யாரு காதில் வாங்கறாங்க?"

பாப்பாத்தியம்மாள் கரண்டியை அண்டாவில் தட்டிச் சிரித்தார். குருசாமி, "ஐயா, எனக்குப் போதுங்க, போதுங்க, போதுங்க!" என்று வெறும் தொன்னையை நீட்டினார்.

நடந்துகொண்டே சரஸ்வதி ஒரு சமாதானத்துக்கும் வந்தாள். மற்ற பந்தல்களில் சோற்றைக் குறைத்து, "பருப்பு மட்டும் ஒரு கரண்டிங்க", "தயிர் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்டு வாங்கினாளாம். கேட்டு வாங்கினால் பந்தல்காரர்களுக்கு இன்னும் சந்தோஷம் என்றாள். இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். அன்று இரவு உடுமலையில் கூட்டிப் பார்த்தபோது அறுபத்தோரு கிராம் வந்தது. நாலு கிராம் குறைவு. தயிரைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, இட்லிக்கு இன்னொரு கரண்டி பருப்பும் ஊற்றிச் சரிசெய்தேன். கால் இழுக்கவில்லை.

பிப்ரவரி 3, சனிக்கிழமை, கடைசி முப்பத்தாறு கிலோமீட்டர். மடத்துக்குளத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலக்கடலைப் பருப்பு பதினைந்து கிலோ அவித்து, முந்நூறு பேருக்கு வைத்தேன். சரஸ்வதி வாங்கிச் சாப்பிட்டு, இரண்டு டம்ளர் மோர் குடித்து, பாலத்தில் ஏறினாள். நான் கரண்டியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். நடுப்பாலத்தில் அவள் நின்றாள். நானும் மொபெட்டை நிறுத்தினேன்.

"இந்தக் கல்லுதானுங்க போன வருசம்" என்றாள். குனிந்து அதைத் தொட்டாள். பிறகு, "நீங்க அண்டாவைப் பாருங்க, ஆளுக நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பாலம் முடிந்து, சாலை வளைந்து, அந்தப் பச்சைப் புடவை மற்றப் பச்சைகளோடு கலக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரவு எட்டே முக்காலுக்கு அடிவாரம். மறுநாள் தைப்பூசம். நான் கீழேயே நின்றுவிட்டேன். அவள் படியேறிப் போய்வந்தாள். வந்ததும் என் உள்ளங்கையில் பஞ்சாமிர்தம் வைத்தாள். போதும் என்றேன். இன்னொரு கரண்டி வைத்தாள். அதில் புரதம் அநேகமாகக் கிடையாது.

கோவைப் பஸ்ஸில் அவளே போய் ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தாள். காலை முன் சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டு, "அடுத்த வருசத்துக்குக் கொள்ளை மொதநாளே ஊறப் போட்டுருங்க" என்றாள். பஸ் புறப்பட்டதும் நான் மொபெட்டில் பின்னால் வந்தேன். உடுமலை வரை அதன் பின்விளக்கு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் நிறுத்துப் போட்டுக் கொண்டுபோன டப்பாச் சாமான் முப்பத்தெட்டு ஐம்பது, கோமங்கலத்தில் முந்நூற்றிருபத்தைந்து, மடத்துக்குளத்தில் நானூற்றைம்பது, பெட்ரோல் அறுபத்தாறு, அவளுடைய பஸ் டிக்கெட் பதினாறு. ஆக மொத்தம் எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் ஐம்பது காசு.