ஓரம் வெட்டாத ரொட்டி

எங்கள் சின்னம்மா செய்த சாண்ட்விச்சுக்கு ஈடாக இன்னொன்றை நான் எங்கேயும் தின்றதில்லை. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனை மலைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவள். நீலகிரியில் நடுவட்டத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டம். அதன் பேக்டரியில், இலை வாட்டும் மாடியில் என் தகப்பனாருக்கு, அத்தாவுக்கு, வேலை. சின்னம்மாவுக்குத் துரையின் பங்களாவில் சமையற்கட்டு வேலை.

பங்களா சாண்ட்விச்சுக்கு வெண்ணெயும் தாள் மாதிரி சீவிய வெள்ளரிக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். ரொட்டியின் நாலு ஓரத்தையும் வெட்டிவிட வேண்டும். வெட்டிய ஓரங்கள் நாய்களுக்கு. வேலைக்காரர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது துரைசானியின் சட்டம். கொண்டுபோனால் பழகிவிடுவோமாம்.

சின்னம்மா பழகித்தான் இருந்தாள். சம்பளம் வந்த வாரம் ஊட்டி பஜாரிலிருந்து பஸ்காரரிடம் சொல்லி ஒரு முழு ரொட்டி வரவழைப்பாள். கொத்தமல்லி, புதினா, இஞ்சி, பச்சைமிளகாய் வைத்து அம்மியில் அரைத்த துவையல் ஒரு பக்கம். படகர் வீட்டு எருமை வெண்ணெய் மறுபக்கம். நடுவே அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் வில்லை வில்லையாக. பக்ரீத் பெருநாள் முடிந்த சமயமென்றால் உப்புக்கண்டத்தை வறுத்து இடித்து, நார் நாராகப் பிய்த்துத் தூவுவாள். ஓரத்தை மட்டும் வெட்டமாட்டாள். கடித்தால் முதலில் பல்லுக்கு அதுதான் அகப்படும். பிறகு வெண்ணெய், பிறகு காரம். கண்ணில் நீர் வரும்வரை தின்போம்.

எனக்கு ஒன்பது வயதானபோது, தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைக்க வேண்டுமென்று துரைசானிக்குத் தோன்றியது. பங்களாவுக்குக் கீழே இருந்த புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். கூடாரத்தில் விருந்தாளி வெள்ளைக்காரர்களுக்கு நாற்காலி, தேநீர், சாண்ட்விச். எங்களுக்குப் புல்தரை, ஆளுக்கொரு பன். அம்மா பிரசவித்துப் பத்து நாள் ஆகாததால் வரவில்லை. போட்டி முடிந்ததும் பன்னுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், நமக்கு வேறு இருக்கிறது என்று சின்னம்மா காலையிலேயே என் காதில் சொல்லியிருந்தாள். சாக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்ததைக்கூட அந்த நினைப்பில் நான் பொருட்படுத்தவில்லை.

சமையற்கட்டு வேலையை முடித்துக்கொண்டு சின்னம்மா தகரப் பெட்டியோடு படியிறங்கி வந்தாள். விடியற்காலையில் வீட்டில் செய்து எடுத்துப்போன எங்கள் பெட்டி அது. அவள் பாதி வழி வருவதற்குள் பின்னாலிருந்து பட்லர் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்கு வைத்த சாண்ட்விச்சில் ஒரு தட்டு முழுதாகக் காணவில்லை. துரைசானி கூடாரத்தின் வாசலுக்கு வந்து நின்று பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்லர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், நல்லவர். அவருக்கே கூச்சமாக இருந்தது.

"தொறந்து காட்டிட்டுப் போயிரு அம்மிணி. ஒரு நிமிசந்தான்" என்றார்.

"இது எங்க ஊட்டுப் பொட்டிங்க" என்றாள் சின்னம்மா. "தொறக்க மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. பட்லர் அதை இங்கிலீஷில் சொன்னார். என்ன சொல்லி மழுப்பினாரோ, அப்படியும் துரைசானியின் முகம் சிவந்தது. வேலை வேண்டாமா என்று கேட்கச் சொன்னாள்.

"வேலை வேணுங்க. பொட்டிய தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."

கூட்டத்திலிருந்து அத்தா ஓடிவந்தார். தலையில் கட்டியிருந்த துண்டு கைக்கு வந்திருந்தது. வீட்டில் பச்சைக்குழந்தை இருப்பதை, குடியிருக்கும் வீடும் தோட்டத்து வீடு என்பதை, ஒரு மூடியைத் தூக்கினால் முடிந்துபோகிற விஷயம் என்பதை அவர் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னார். நானும் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே இருப்பது எங்கள் ரொட்டி என்று எனக்குத் தெரியும். அதற்கு அரைத்த துவையலின் வாசனை என் கையிலேயே இன்னும் இருந்தது.

"என்னையத் தெரியாதுன்னு சொல்லிருங்க மச்சான்" என்றாள் சின்னம்மா. "நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அத்தா அப்படிச் சொல்லவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று துரைசானி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். சின்னம்மா தலையசைத்தாள். பிறகு புல்வெளியின் நட்டநடுவே, எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இருத்தி, பெட்டியைத் திறந்தாள். பச்சைத் துவையல் பிதுங்க, பழுப்பு ஓரத்தோடு எங்கள் ரொட்டி. பட்லர் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். சின்னம்மா அவருக்கும் ஒன்றை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் நிதானமாகத் தின்றாள். நான் என் பங்கைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

காணாமற்போன தட்டு எங்கே போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தாவை வாட்டும் மாடியிலிருந்து இறக்கி, மழையில் விறகு சுமக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வீடு தப்பியது. அத்தா சின்னம்மாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் வேறு யாராவது அவளைக் குறை சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு யார் பக்கம் சேருவதென்று புரியவில்லை. கடைசியில் நானும் பேசாமலிருந்தேன்.

அடுத்த மாதம் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட நடுவட்டம் வரை நான் கூடப் போனேன். மேட்டில் ஏறும்போது அதுவரை அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"பங்களாச் சாமான் ஒண்ணும் அதுல இல்லையில்ல சின்னம்மா? அப்பறம் ஏன் கேட்டப்பவே தொறந்து காட்டல?"

"இல்லாததுனாலதான் கண்ணு."

என்னை விளையாட்டுக்குச் சீண்டுகிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் அவள் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன். பஸ் புறப்படும்வரை அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.