கடல்காற்று வருவதற்கு முன்

ஒரு தெருவுக்குள் நுழைந்தால் சங்கமித்ராவின் கண் முதலில் கொடிக்கயிற்றுக்குத்தான் போகும். எந்த வீட்டில் என்ன துணி காய்கிறது, மொட்டை மாடியிலா, மாடிப்படிக்கு அடியிலா என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். பன்னிரண்டு வருடமாகத் துணி பார்க்கிற வேலை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாள். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு நேரே விரித்து, எண்ணெய்க் கறை, நூல் பிசிறு, விட்டுப்போன தையல் என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். அதிகம் பேச மாட்டாள். பக்கத்தில் நிற்கும் மலர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள். இவள் கறையைக் கண்டால் மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவாள்.

வியாசர்பாடியில் அவள் பிறந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற அதே குடியிருப்பு பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். சுவரில் விரல் நுழைகிற விரிசல். சித்திரை பிறப்பதற்குள் எல்லோரும் காலி செய்தாக வேண்டும். கட்டி முடிக்க இரண்டு வருடமோ மூன்று வருடமோ, அதுவரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள வேண்டியதுதான். தினமும் யாராவது ஒருவர் வீட்டு பீரோ படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு வீடு கிடைத்தால் போதும். சங்கமித்ராவுக்குக் காற்றும் வேண்டியிருந்தது. மகள் மகிழினிக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே இழுப்பு. இந்தப் போகியன்று விடியற்காலையில் தெருவெல்லாம் டயர் புகை. குழந்தையின் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம் பூத்துவிட்டது. கணவன் எழிலன் வேலைக்குப் போயிருந்தான். அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை. கதவைத் திறந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றாள், அவ்வளவுதான். எதிர்வீட்டு தமீம் பனியனோடு ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினான். அவன் மனைவி இவள் கையில் செருப்பைத் திணித்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "புகை, தூசி இல்லாத இடமாப் பாத்துப் போங்கம்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா..." என்று சொல்லிவிட்டு, அதை முடிக்காமலே சீட்டு எழுதத் தொடங்கினார். அவர் முடிக்காமல் விட்டதை மூன்று மாதமாக சங்கமித்ரா மனதுக்குள் முடித்துக்கொண்டேயிருந்தாள்.

"இந்தத் தபா நல்ல ஏரியாவா பாக்கறோம்மே," என்றான் எழிலன். கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக ஹாரன் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு, சத்தமில்லாத தெரு என்பது ஒரு கனவு.

தமீம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் வீடு பிடித்துவிட்டிருந்தான். "பக்கத்து போர்ஷன் காலியாதான் கீது மாமு. வந்துடேன்."

"கூட்ஸ் வண்டி சத்தத்துல குந்திகினு இருக்கறதுக்கா? ஒரே கலீஜு. எம் பொண்ணு சைக்கிள் ஓட்ற மாதிரி தெரு வோணும்டா."

"ஓகோ, சாரு பங்களா பாத்துகினுகீறாரா? பால் காய்ச்சும்போதாவது கூப்புடு, டீ குட்ச்சிட்டுப் போறேன்."

புரோக்கர் நீலமேகம் காலடிப்பேட்டையில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னான். மாடி வீடு, கடல் பக்கம், சத்தமே இல்லாத தெரு. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வரச் சொன்னான். காலையில் வரலாமா என்று எழிலனைக் கேட்கச் சொன்னாள் சங்கமித்ரா. "காலைல வூட்டுக்காரம்மா சர்ச்சுக்குப் பூடும் நைனா. நாலு மணின்னா நாலு மணி," என்றான் நீலமேகம்.

அன்று தெருமுனை டீக்கடையில் நிறுத்தி, அவர்களுக்குப் பாடம் நடத்தினான்.

"வியாசர்பாடின்னு சொல்லாத. பெரம்பூர்னு சொல்லு. இன்னா, பொய்யா அது? பக்கத்துல பக்கத்துலதான கீது. கொழந்தைக்கு இழுப்புன்ற பேச்சே எடுக்காத, சீக்குன்னா வூடு குடுக்க மாட்டாங்க. ஆமா, உன் பேரு இன்னாம்மா?"

"சங்கமித்ரா."

"மித்ரான்னு சொல்லு. ஷோக்கா கீது."

அவள் எழிலனைப் பார்த்தாள். எழிலன் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரு உண்மையிலேயே அமைதியாக இருந்தது. இரண்டு பக்கமும் கேட் போட்ட வீடுகள். ஒரு வீட்டு வாசலில் வேப்பமரம், அதனடியில் சின்ன சைக்கிள். கிழக்கிலிருந்து கடல்காற்று சிலுசிலுவென்று வந்துகொண்டிருந்தது. எழிலன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, ஏதோ ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டவனைப்போல் மூச்சை இழுத்தான். சங்கமித்ரா மாடிகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, அத்தனை வெயில், அத்தனை காற்று. ஒரு மாடியில்கூடத் துணி இல்லை. கொடிக்கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா ஞானபாக்கியம். தூத்துக்குடிப் பக்கம். கணவர் மளிகை மொத்தக்கடை வைத்திருந்தவர், காலமாகிவிட்டார். கீழே அவர் தனியாக இருந்தார்.

"வாங்க, வாங்க. எங்கேருந்து வாரிய?"

"பெரம்பூருங்க," என்றான் எழிலன்.

"எத்தன பேரு?"

"நானு, மித்ரா, ஒரே பொண்ணு. அவ்ளோதாங்க."

பதினோரு வருடத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாரையோ சொல்கிறான் என்றுதான் ஒரு நொடி நினைத்தாள்.

மாடியில் இரண்டு அறை, சமையலறை, கிழக்கே பெரிய ஜன்னல். எழிலன் திறந்ததும் காற்று உள்ளே கொட்டியது. "பாத்தியா, பாத்தியா?" என்று சின்னப் பிள்ளைபோல் சிரித்தான். சங்கமித்ரா சமையலறைக்குப் போனாள். மேற்கு ஜன்னல் சாத்தியிருந்தது. கதவிடுக்கில் பழைய வேட்டித் துணியை மடித்துத் திணித்து, மேலே டேப் ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தாள். கறுப்பு.

பின்னால் வந்த நீலமேகம், "ரோட்டு தூசிம்மா. ஒரு தொட தொடச்சா பூடும்," என்றான்.

கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். தூசி என்றால் உதிரும். இது உதிரவில்லை; பிசுக்காக இழைந்தது. தையல் மெஷின் எண்ணெய் சட்டையில் பட்டால் இப்படித்தான் இழையும். எழிலன் அதற்குள் இருவரின் ஆதார் நகல்களையும் முன்பணக் கவரையும் நீலமேகம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் அந்தக் கறுப்பு விரலை விட்டுப் போகாததுபோல் இருந்தது. புதன்கிழமை, குழந்தையை எதிர்வீட்டில் தமீம் மனைவியிடம் விட்டுவிட்டு, வேலைக்குச் சீக்கிரம் போகணும் என்று எழிலனிடம் சொல்லிவிட்டு, விடியும் முன்பே கிளம்பினாள். அவனிடம் அவள் சொன்ன முதல் பொய்யாகக்கூட இருக்கலாம். கைப்பையில் கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளைக் காலர் துண்டுகள் நாலைந்து இருந்தன.

காலடிப்பேட்டை மெட்ரோவில் கதவு திறந்ததும், மேலே நடைமேடையிலேயே அது மூக்கில் ஏறியது. அழுகிய முட்டையும் எரிந்த பிளாஸ்டிக்கும் கலந்ததுபோல ஒரு நெடி. கடல்காற்று இன்னும் எழும்பவில்லை. தரைக்காற்று மேற்கிலிருந்து, ஆலைகள் இருக்கும் பக்கமிருந்து, மெதுவாக வந்துகொண்டிருந்தது. தெருவுக்குள் நுழைந்தபோது தொண்டை கரகரத்தது, இருமினாள். ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே அமைதிதான். இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. வேப்பமரத்து வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பலமாக இருமினாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஞானபாக்கியம் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துடைப்பம் நின்றது.

"என்னம்மா, இந்நேரத்துல?"

சங்கமித்ரா வெள்ளைத் துண்டை எடுத்து கேட் கம்பியில் ஒரு தடவை இழுத்தாள். அதை அவரிடம் நீட்டினாள். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது. அப்புறம் பேசவும் செய்தாள்.

"இது எப்போ அடங்கும்மா?"

ஞானபாக்கியம் துண்டைப் பார்த்தார். மறைக்க முயலவில்லை. "பத்து, பதினோரு மணி ஆவும். கடக்காத்து வந்துட்டுன்னா ஒண்ணும் தெரியாது. எல்லா நாளும் இப்பிடின்னு இல்ல. ஆனா வீடு பாக்க வாரவங்கள சாயங்காலம்தான் கூட்டியாருவாம் நீலமேகம். எனக்கு முப்பது வருசம் பழகிட்டு."

"ஸ்கூலு எட்டரைக்கும்மா. அப்போ அவ இந்தக் காத்துலதான் போவணும். எம் பொண்ணுக்கு இழுப்பு."

"ஐயோ, அத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே! ஏன் சொல்லல?" கேட்டுவிட்டு அவரே நிறுத்தினார். பிறகு, "சங்கமித்ராதான உன் பேரு? காயிதத்துல பாத்தேன். வியாசர்பாடி," என்றார்.

அவள் தலை தானாகக் குனிந்தது. கறைபட்ட சட்டையைத் தைத்துப் பிடிபட்டவள்போல் நின்றாள்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாது கேட்டியா. உள்ளுக்குள்ள நீங்க என்ன சாமி படம், எந்தத் தலைவரு படம் மாட்டுனா எனக்கென்ன? எதுத்த வீட்டுல கேட்டா மட்டும் பெரம்பூர்னே சொல்லிரு. எனக்கு வீண் பேச்சு வேண்டாம்."

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அதுதான் சங்கமித்ராவுக்கு அதிகமாக வலித்தது. மூன்று வருடம். மகிழினியிடம் என்ன சொல்லி வைப்பது? காலையில் வாயையும் மூக்கையும் மூடிக்கொள், யாராவது கேட்டால் ஊரையும் மூடிக்கொள் என்றா?

"வேணாம்மா," என்றாள்.

ஞானபாக்கியம் உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை நீலமேகம் வாங்கிக் கொடுத்த கவரைப் பிரிக்காமலே கொண்டுவந்து தந்தார். "பிள்ளைய நல்லாப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, முந்தானையை மறுபடியும் மூக்கில் சுற்றிக்கொண்டார்.

எழிலன் அன்று மாலை கத்தினான். "எனுக்குத் தெரியாம போயி, வேணாம்னு சொல்லிட்டு வந்துகீற! காலி பண்ண இன்னும் ஒம்போது நாளுதான். தெருவுல நிக்கப் போறியா?"

அவள் துண்டை அவன் முன்னால் போட்டாள். அவன் எடுத்துத் தேய்த்தான். டிரெய்லர் ஓட்டுகிறவன், பிசுக்கு எது, தூசி எது என்று அவனுக்கும் தெரியும். குரல் இறங்கியது.

"நாலு மணிக்கு அப்டி ஒரு காத்து அட்ச்சிதேமே..."

"நாலு மணிக்குத்தான அடிக்குது. நம்மளும் நாலு மணிக்குத்தான போயி நின்னோம்."

"வேற எங்கதான் போறது?"

மறுநாளிலிருந்து தமீம் சொன்ன கொருக்குப்பேட்டை போர்ஷனை மூன்று தடவை போய்ப் பார்த்தாள். ஒருநாள் விடியலில், ஒருநாள் மதியம் அரைநாள் லீவு போட்டு, ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைத் துண்டு கட்டிவிட்டு, அடுத்த தடவை அவிழ்த்தாள். கூட்ஸ் வண்டி போகும்போது அலமாரிக் கதவு நடுங்கியது. சந்து குறுகல், குழந்தை சைக்கிள் ஓட்ட வழியே இல்லை. ஆனால் சந்து முழுக்கத் துணி காய்ந்தது. தலை குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது தடவை எழிலனும் வந்தான். வீட்டுக்காரி கெங்கம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எந்த ஏரியா நீங்க?"

எழிலன் வாயைத் திறப்பதற்குள் சங்கமித்ரா, "வியாசர்பாடி. எம் பேரு சங்கமித்ரா. பொண்ணுக்கு இழுப்பு கீது," என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னதால் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

கெங்கம்மா நிமிர்ந்தாள். "வியாசர்பாடியில எங்க? எங்க நாத்தனா அங்கதான் கீறா. இழுப்புன்னா முன்னால ரூம்புல படுக்க வையி. பின்னால கொசுவத்தி ஏத்துவாங்கோ. ஏத்தாதீங்கன்னு சொல்றேன், கேப்பாளுங்களோ இன்னாவோ."

திரும்பும்போது அவிழ்த்த துண்டுகளைக் காலடிப்பேட்டைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெள்ளை எதுவும் இல்லை. இவை சாம்பல் நிறமாக இருந்தன. விரலால் தட்டினால் பாதி உதிர்ந்தது. கறையே இல்லாத துணி அவள் கைக்கு எப்போதும் வந்ததில்லை. துவைத்தால் போவது எது, போகாதது எது என்று பார்க்க மட்டும்தான் தெரியும். இதிலும் அவளுக்கு முழு நிச்சயம் இல்லை.

குடிபோன மறுநாள் விடியலில் முதல் கூட்ஸ் வண்டி வீட்டையே உலுக்கிக்கொண்டு போனது. எழிலன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு புரண்டான். மகிழினி எழுந்திருக்கவில்லை. சங்கமித்ரா குழந்தையின் விலாவில் கை வைத்து, மூச்சை எண்ணினாள். உள்ளே போய், வந்தது. நெபுலைசர் தலைமாட்டில் இருந்தது. தமீமின் ஆட்டோ சுவருக்கு அந்தப் பக்கம்.

எழுந்து, புதிதாக ஒரு வெள்ளைத் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டினாள்.