ரப்பருக்கு அடியில் இருந்த எண்

காலை பத்து நாற்பது. குமுளியில் அந்தப் பழம்பொருள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கடைக்காரரின் கட்டைவிரல். எச்சில் தொட்டு, கண்ணாடி மேசைமேல் கிடந்த பில்லியர்ட்ஸ் கோலின் அடிப்பகுதியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கப் பொறுப்பைப் பார்த்தவன் என்பதால் கோலைச் செய்தது யார் என்று சொல்ல என்னை வரவழைத்திருந்தார். சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் கிளப் ஏலத்தில் எடுத்த கோல். இங்கிலாந்துச் சரக்கு என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். புதிதாக, ஆங்கிலப் பெயர் பொறித்த ஒரு பித்தளைத் தகட்டையும் அவரே பொருத்தியிருந்தார். அதன் திருகுகளில் இன்னும் துரு ஏறவில்லை.

இன்னொருவரும் காத்திருந்தார். அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண். கோல் இங்கே இருப்பது தெரிந்து பஸ் ஏறி வந்தவர். அவர் அப்பா எஸ்டேட் ஆசாரி. எஸ்டேட் மேலாளரான வெள்ளைக்காரத் துரை கேட்டதற்காக அப்பா செய்த கோல் அது. துரை அதை வாங்கிக்கொள்ளாமலே ஊருக்குப் போய்விட, அப்பா வீட்டில் வைத்திருந்தார். அடுத்து வந்த துரை அது கிளப் கோல் என்று சொல்லிப் பறித்துக்கொண்டு, திருட்டுப் பட்டம் கட்டி வேலையை விட்டு நீக்கினார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த வீடும் போயிற்று.

"அவரு செஞ்சத அவரே வச்சிருந்தா அது களவாய்யா?" என்றார். "இன்னைக்கும் களவாணி மகள்னுதான் லயத்துல சொல்லுதாக."

எஸ்டேட் ஆசாரிகள் செய்த பொருளில் பெயர் போடுவதில்லை; வருகைப் பதிவிலுள்ள செக்ரோல் எண்ணைக் குத்துவார்கள். கோலின் அடிப்பாதி உள்ளூர் ஈட்டி மரம், இழைப்பு கையால் ஆனது. அடிமுனை ரப்பரைக் கழற்றினேன். உளியால் குத்திய எண் இருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள், அப்பாவுடையது என்று அந்தப் பெண் சொன்ன எண்ணோடு பொருந்தின. மூன்றாவதில் அழுக்கு அடைத்திருந்தது. தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்க எதிர்க்கடைக்குப் போனேன். பெரிதாகத் தெரியும்போது படம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பியபோது அந்தப் பெண் கோலை இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தார். கடைக்காரர் அடிமுனையில் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். மரம் வழவழவென்று இருந்தது. ஒரு கோடுகூட மிஞ்சவில்லை.

"ஏனுங்க, தொட வேண்டாம்னு சொல்லீட்டுத்தானுங்க போனேன்?"

"அழுக்கு சார். அக்காவே புடிச்சாங்களே." சிரித்தார். "ஆசாரி நம்பர் இருக்குன்னா எவன் சார் வாங்குவான்?"

கருஞ்சிவப்புத் தூளை மேசையிலிருந்து வாயால் ஊதினார். அது அந்தப் பெண்ணின் சேலையில் படிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. கடைக்காரர்மேலும், படம் எடுக்காத என்மேலும்.

எண் தெளிவாகத் தெரிவதற்குத்தான் தேய்க்கிறார் என்று அந்தப் பெண் நம்பியிருந்தார். கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"நீங்க பாத்தீகல்லய்யா. எழுதிக் குடுங்க, லயத்துல காட்டணும்."

குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, இரண்டு இலக்கங்கள் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.