குடும்பப் புத்தகத்தில் ஒரு காலிப் பக்கம்

எங்களுக்கு ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் உண்டு என்று சொன்னால் சிம்பாங் ரெங்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு பள்ளியில் அதைச் சொல்லிவிட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரைக்காலில் எங்கள் பூட்டன் ஒருவர், சாதி வழக்கத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, லாரிவ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தாராம். அதன்பின் வம்சம் முழுவதும் லாரிவ். தாத்தா கப்பலேறி இங்கே பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்தார். இங்கே அப்பா பெயரைப் பின்னால் போடுவதுதான் வழக்கம் என்பதால், பிள்ளைகளின் அடையாள அட்டையில் அந்தப் பெயர் ஏறவில்லை.

கடைசியாக அந்தப் பெயரை நம்பியிருந்தவள் அத்தை. அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாமல் எங்களோடேயே இருந்தாள். குளுவாங்கில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாற்பது வயதுக்குமேல் யார் வேலை கொடுப்பார்கள்? தாத்தாவின் குடும்பப் புத்தகம் இருந்தால் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று பாரிஸில் இருந்த உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க பிரெஞ்சு அதிகாரிகள் பெயர் எழுதிக் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. கேட்கும்போதெல்லாம் அப்பா, “அதெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு லா” என்பார்.

கரையான் அரிக்கவில்லை. அப்பாவின் அலமாரியில் இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் அது இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய ரகசியம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் எடுத்துவந்து அத்தையின் மடியில் வைத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். நான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கவே கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் பக்கத்தில் தாத்தா, பாட்டி கல்யாணப் பதிவு. அடுத்து பெரியப்பா பெயரும் சிங்கப்பூர் பிரெஞ்சுத் தூதரக முத்திரையும். அதற்கடுத்து அப்பா. அடுத்த பக்கம் காலி. அதற்கடுத்ததும் காலி.

“ஒட்டிக்கிட்டிருக்கும், நல்லாப் பாரு” என்றாள் அத்தை. புத்தகத்தை உதறிக்கூடப் பார்த்தோம்.

சாயங்காலம் அப்பா வந்தபோது அது மேசைமேல் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஆறு மாசப் பிள்ளையா உன்னத் தூக்கிட்டு வந்தாங்க. பெத்தவங்க அந்தத் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. ரெண்டு பேரும் காய்ச்சல்ல போயிட்டாங்க. இங்க பொறப்புப் பத்திரம் எடுக்கிறப்ப அப்பா சொந்தப் பிள்ளைன்னே எழுதிட்டாரு. வெள்ளைக்காரன் ஆபீஸ்ல பொய் சொல்லத்தான் பயந்துட்டாரு.”

“எனக்கு ஏண்ணே சொல்லல?”

“தெரிஞ்சா நீ போயிடுவியோன்னுதான்.”

எனக்கு இதில் பெரிய சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. இடம் காலியாக இருக்கிறது, எழுதினால் போயிற்று. பென்சிலை எடுத்து, அப்பாவுக்கு அடுத்த பக்கத்தில், கோடு தாண்டாமல் அத்தையின் பெயரை எழுதினேன். பக்கத்திலேயே லாரிவ் என்றும் சேர்த்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து, தாள் கசங்காமல் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். தூளை ஊதிவிட்டுப் புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்தாள்.

“பத்திரமா வைங்கண்ணே. நாளைக்குப் பாப்பாவுக்கு வேணும்.”

புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் தெரியும். நான் இதுவரை மனுப் போடவில்லை.

அன்று அத்தையின் கண்ணில் நீரைப் பார்த்ததும், என் கையெழுத்து அவ்வளவு மோசமா என்று எனக்கும் அழுகை வந்தது. இன்னும் அழகாக எழுதித் தரட்டுமா அத்தை என்று கேட்டேன்.